“நல்லவேளை, அவரே நிறுத்திவிட்டார்”

கேள்வி: எனக்கு வயது 41. மனைவி, மகளுடன் பெங்களூரில் வசிக்கிறேன். அப்பாவின் மறைவுக்குப் பிறகு, 68 வயதான என் தாயார் அருப்புக்கோட்டைக்கு அருகில் எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூன்று தீபாவளிகளுக்கு முன்பு நான்தான் அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, வாட்ஸ்அப்பும் கற்றுக்கொடுத்தேன். இப்போது அதுவே தொல்லையாகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ரோஜாப்பூ, முருகன், சூரிய உதயம் என்று தினமும் பத்துப் படங்களாவது வருகின்றன. எலுமிச்சைச் சாறு புற்றுநோயைக் குணமாக்கும் என்பது போன்ற செய்திகளையும் ஆராயாமல் பகிர்கிறார். 34 பேர் உள்ள குடும்பக் குழுவில் என் சித்தப்பா மகன், “பெரியம்மா, இதையெல்லாம் இங்கே அனுப்பாதீர்கள்” என்று எழுதியபோது எனக்கு மிகவும் அவமானமாகிவிட்டது. குழுவை நிரந்தரமாக மியூட் செய்துவிட்டேன். நீல டிக்கையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்புவார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் ஓடும், விஷயம் ஒன்றும் இருக்காது. கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் எண்பதுக்கு மேல் கேட்காமலேயே கிடக்கின்றன. நல்லவேளை, ஆறேழு மாதமாக அதை அவரே நிறுத்திவிட்டார். என் மனைவி வாரம் ஒருமுறை அவருடன் பேசிவிடுகிறாள். அலுவலகப் பேருந்தில் போக வர இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் இந்தப் படங்களை அழிப்பதே என் வேலையாகிவிட்டது. நான் குழுவிலிருந்து விலகிவிடலாமா? அல்லது அம்மாவுக்குப் பழையபடி பட்டன் போனையே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்:

தம்பி, ஊரும் வயதும் மட்டும் மாறி, இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. போனை வாங்கிக் கொடுத்த பிள்ளையே, அந்தப் போனிலிருந்து வருவதைத் தாங்க முடியவில்லை என்று எழுதுகிறார். வயதானவர்கள் அப்படித்தான், நீங்கள்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் ரோஜாப்பூவும் முருகனும் எனக்குப் பொருட்டில்லை. “நல்லவேளை, அதை அவரே நிறுத்திவிட்டார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை மேலே படிக்க விடாமல் நிறுத்தியது.

ஏன் நிறுத்தினார் என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீல டிக்கை அணைத்து வைத்தால், உங்களுக்குத் தனியாக எழுத்தில் வரும் செய்தியைப் படித்தது அனுப்பியவருக்குத் தெரியாது. குரல் செய்திக்கு அந்த மறைப்பு கிடையாது; அதைக் கேட்ட மாத்திரத்தில், அனுப்பியவரின் திரையில் சாம்பல் நிறத்தில் இருந்த சின்ன மைக் நீலமாகிவிடும். உங்களுக்கு இது நன்றாகத் தெரியும்; தெரிந்ததால்தான் கேட்காமல் விட்டீர்கள். உங்கள் தாயாருக்கும் இது தெரியும் என்பதை மட்டும் நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தொடக்கத்தில் சிலவற்றைக் கேட்டதனால்தானே இரண்டு நிமிடம் ஓடும், விஷயம் இருக்காது என்று உங்களால் எழுத முடிகிறது? அப்போதெல்லாம் அங்கே மைக் நீலமாகியிருக்கும். நீலமானால் மகன் கேட்டுவிட்டான் என்று பொருள் என்பதைக் கண்டுகொள்ள அவருக்கு யாரும் பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை.

பிறகு அது நீலமாகவில்லை. ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று சாம்பலாகவே நின்றது. மகன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தாய்க்கு எண்பது தடவை தேவைப்படாது, தம்பி. ஐந்தாவதிலேயே புரிந்திருக்கும். வேலை அதிகம் போலிருக்கிறது, ஊருக்குப் போயிருப்பான், போனில் ஏதோ கோளாறு என்று உங்களுக்காகத் தானே ஒரு சாக்கைத் தேடிச் சொல்லிக்கொண்டுதான் மீதி எழுபத்தைந்தையும் அனுப்பியிருக்கிறார். அந்தச் சாக்குகளும் தீர்ந்துபோன நாளில் நிறுத்தினார். அதைத்தான் நீங்கள் நல்லவேளை என்கிறீர்கள்.

இனி நீங்கள் தொல்லை என்று சொல்லும் படங்களுக்கு வருவோம். குரல் செய்தி நின்றதும் அந்த இடத்தில் அவருக்கு என்ன மிச்சமிருந்தது என்று பாருங்கள். யாரோ வரைந்து, யாரோ எழுதி, யாரோ அனுப்பிய ரோஜாப்பூ. அதில் அவர் சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே கேட்கப்படாமல் போவதற்கும் அதில் ஒன்றுமில்லை. நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்பதையும் அணைத்துவிட்டீர்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் இரண்டு சாம்பல் நிற டிக் மட்டும்: படம் மகனின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தனி வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் ஒரு பெண், நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், நீயும் நன்றாக இரு என்று சொல்லும் முறை அது. சொந்தக் குரலில் பேசியவரை அடுத்தவர் படத்துக்குத் தள்ளியது நீங்கள். தள்ளிவிட்டு, ஏன் படமாக அனுப்புகிறார் என்று என்னிடம் முறையிடுகிறீர்கள்.

“விஷயம் ஒன்றும் இருக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். என் மூத்த அண்ணன் 1981-இல் துபாய்க்குப் போனார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அப்போதெல்லாம் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊரிலிருந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து திண்ணையில் வைப்போம். பக்கத்துக்கு அரை மணி நேரம் என்று 60 நிமிடக் கேசட். என் அம்மா அதில் பாதிக்கு மேல் பசு கன்று ஈன்ற கதையையே சொல்லுவார். கன்று எந்தக் காலை முதலில் ஊன்றியது என்பது வரைக்கும் விவரம் இருக்கும். முக்கியமான செய்தியைச் சொல்லுங்கள், நாடா தீர்ந்துவிடும் என்று நான் பக்கத்திலிருந்து பதறுவேன். அண்ணன் எழுதிய பதில் கடிதத்தில் நான் முக்கியம் என்று நினைத்த எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தார். அறையில் கூட இருந்த ஐந்து பேரும் சேர்ந்து அந்தக் கேசட்டை நான்கு முறை கேட்டார்களாம். அவர்களில் இருவருக்குத் தமிழே தெரியாது. அந்த மனிதர்களுக்கு ஒரு தாயின் குரல் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கு ஒரு நொடியில் வருகிறது, நீங்கள் விஷயத்தைத் தேடுகிறீர்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துப் போனார்கள், முழங்கால் வலி இன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பாரே, அதைவிடப் பெரிய விஷயத்தைத் தனியாக வாழும் ஒரு தாய் எங்கிருந்து கொண்டுவருவார்?

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் வாரந்தோறும் மாமியாரிடம் பேசுவது அவருடைய நல்ல மனம். அவருக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள். ஆனால் அதை உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளாதீர்கள். பெற்ற தாயின் பேச்சைக் கேட்பது மகனின் கடமை. அதை மருமகள் தலையில் இறக்கிவைத்துவிட்டு, வீட்டிலிருந்து யாரோ ஒருவர் பேசிவிட்டோம் என்று நிம்மதி அடைவதை எங்கள் தலைமுறையிலேயே நான் ஏற்றதில்லை, உங்கள் தலைமுறையிலும் ஏற்கப்போவதில்லை.

எலுமிச்சை விவகாரத்தில் உங்கள் கவலை நியாயமானது. எலுமிச்சைச் சாறு புற்றுநோயைக் குணமாக்காது. அதை நம்பி ஒருவர் மருத்துவரிடம் போகத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அது தவறு என்பதை யாராவது அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருந்திருக்க வேண்டும். அதுவும் தனியாக, தொலைபேசியில், அம்மா என்று அழைத்து. நீங்கள் சொல்லாததால்தான் 34 பேர் முன்னிலையில் கொழுந்தன் மகன் சொல்ல நேர்ந்தது. உங்களுக்கு அவமானமாக இருந்தது என்கிறீர்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பற்றி உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன், ஒரு சொல் இல்லை. அன்று மாலை நீங்கள் அவரை அழைத்தீர்களா? குழுவை மியூட் செய்தீர்கள்.

உங்களிடம் வாட்ஸ்அப்பைக் கற்றுக்கொண்டவருக்கு இன்னும் அரை மணி நேரப் பாடத்தைக் கொடுக்க உங்களால் முடியும். ஒரு செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது முதலில் எழுதியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். வதந்தி பரவுவதைத் தடுக்க, 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இரட்டை அம்பு உள்ளதை எனக்கு மட்டும் அனுப்புங்கள் அம்மா, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள்.

இது வதந்தியோடு முடிகிற காரியமும் இல்லை. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றை அனுப்பி, திறந்து நிறுவியவரின் போனைக் கைப்பற்றி வங்கிக் கணக்கைத் துடைக்கிறார்கள். காவல் துறை அதிகாரி என்று வீடியோவில் தோன்றி, டிஜிட்டல் கைது என்று மிரட்டி, வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்பதும், பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா? இதைத் திறக்கலாமா தம்பி என்று அவர் ஒரு நாள் பதற்றத்தோடு மைக்கை அழுத்திப் பிடித்துக் கேட்டால், அது எண்பத்தோராவதாக உங்கள் போனில் கிடக்கும்.

குழுவிலிருந்து விலகுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மியூட்டில் இருப்பது இருக்கட்டும், யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. விலகினால் நிர்வாகிக்கு மட்டுமே அறிவிப்பு போகும் என்ற வசதி 2022-இல் வந்ததை நம்பி வெளியேறிவிடாதீர்கள். குடும்பத்தில் அது ஒரு பொழுதுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பதில் சொல்ல வேண்டியவர் ஊரில் இருக்கும் உங்கள் அம்மாதான். பட்டன் போன் பேச்சையே எடுக்காதீர்கள். கையில் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது, உனக்கு இதெல்லாம் வராது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குச் சமம். அவருக்கு வரும் என்பதற்கு அந்த எண்பதே சாட்சி.

உங்கள் பேருந்துப் பயணத்துக்கு நான் ஒரு வேலை தருகிறேன். வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் தாமாகவே போனில் இறங்கிவிடும். நீங்கள் போனை மாற்றாமலும் எதையும் அழிக்காமலும் இருந்தால் எண்பதும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. இரண்டு நிமிடம் வீதம் மொத்தம் 160 நிமிடம். அதாவது இரண்டு மணி நாற்பது நிமிடம். நாளைக்குப் போக வர உள்ள இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். பழையதிலிருந்து தொடங்கி வரிசையாகக் கேளுங்கள். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஓட்டும் பொத்தானைத் தொடாதீர்கள்; அவர் நிறுத்திப் பேசிய இடத்தில் நீங்களும் நின்று கேளுங்கள். நீங்கள் கேட்கக் கேட்க, அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய மைக்குகள் ஒவ்வொன்றாக நீலமாகும். அவர் அதைப் பார்ப்பார். ஆகவே அன்று இரவே அழையுங்கள். வேலைப்பளுவைப் பற்றியோ நீல டிக்கைப் பற்றியோ விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். பன்னிரண்டாவதிலோ நாற்பதாவதிலோ அவர் பாதியில் விட்ட ஏதாவது ஒன்றை எடுத்து, அது அப்புறம் என்ன ஆயிற்று அம்மா என்று கேளுங்கள்.