ஹிக்கெல் வாய்க்கால்

கேள்வி: அலாஸ்காவின் வடகோடிக்குப் போகும் டால்டன் நெடுஞ்சாலைக்கு ஏன் இத்தனை பெயர்? ஒருவரைக் கவுரவிக்க ரோடுதான் கிடைத்ததா? (வாசகர், கரூர்)

பதில்: வால்டர் ஹிக்கெலுக்குக் கிடைத்த கவுரவம் என் எதிரிக்கும் வேண்டாம். 1968-ல் வடகோடியில் உள்ள புரூதோ விரிகுடாவில் எண்ணெய் அகப்பட்டது. அலாஸ்கா கவர்னராக இருந்த ஹிக்கெல், அந்தப் பனிக்காலத்திலேயே லாரி போக வழி வெட்டச் சொன்னார். புல்டோசர்கள் பாசியையும் புல்லையும் வழித்துத் தள்ளின. அடியில் உறைந்து கிடந்த மண்ணுக்கு அதுதான் போர்வை! 1969 மார்ச்சில் லாரிகள் ஓடின. அதற்குள் அவர் வாஷிங்டனில் உள்துறை மந்திரி. அங்கே உள்துறை என்றால் போலீஸ் அல்ல, அரசாங்க நிலங்களும் தேசியப் பூங்காக்களும். அடுத்து வந்த கவர்னர் அந்த வழிக்கு 'ஹிக்கெல் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார். வெயில் வந்தது, மண் உருகியது, ரோடு தண்ணீர் நிற்கும் பள்ளமானது. ஜனங்கள் 'ஹிக்கெல் வாய்க்கால்' என்று திருத்திக்கொண்டார்கள். மனிதர் 2010 வரை இருந்து இதைக் கேட்டார். உயிரோடு இருப்பவர் பெயரை எதற்கும் வைக்காதீர்கள் என்று நான் எழுதும்போதெல்லாம் 'வயிற்றெரிச்சல்' என்று கார்டு போடும் அன்பர் கவனிக்க.

1974-ல் புத்தி வந்து, வேறு தடத்தில், வழிப்பதை விட்டுப் பல அடி கனத்துக்குச் சரளையைக் கொட்டினார்கள். சுமார் 360 மைல், 154 நாள். எண்ணெய்க் குழாய்க்குச் சாமான் ஏற்றிப் போக என்பதால் 'ஹால் ரோடு' ('haul' என்றால் சுமை ஏற்றிப் போவது). லாரிக்காரர்களுக்கு இன்றும் அதுதான் பெயர். 1981-ல் அரசாங்கம் ஜேம்ஸ் டால்டன் என்ற என்ஜினியர் பெயரைச் சூட்டியது. அவர் அப்போது உயிரோடு இல்லை, அந்தவரை விவரம்தான்.

இவருடைய அப்பா ஜாக் டால்டன் இன்னும் சுவாரசியம். 1890-களில் தங்கம் தேடிக் கனடாவின் யூக்கானுக்கு ஓடியவர்களிடம் தன் பாதையில் சுங்கம் வசூலித்தவர். இத்தனை மாட்டுக்கு இவ்வளவு, இத்தனை ஆளுக்கு இவ்வளவு. கொடுக்காமல் நழுவுவது அவரிடம் நடக்காது. நம் டோல்கேட் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற என்னிடமே, ஸ்கேனர் வேலை செய்யாததால் இரட்டைக் கட்டணம் கேட்ட தம்பியைவிட, ஜாக் ஒரு படி மேல்: அவர் பழங்குடியினரின் பழைய பாதையையாவது செப்பனிட்டார்.

மகன் ரோட்டில் சுங்கம் கிடையாது. வழியில் உள்ள கோல்டுஃபுட் என்ற சிற்றூரைத் தாண்டினால் 240 மைலுக்குப் பெட்ரோல் பங்கும் கிடையாது. கரூர்க்காரர் போவதாக இருந்தால் கேனில் எடுத்துப் போகவும்.