இணையப் பெருவகுப்புகளை ஊடகங்கள் ஏன் முதலில் தூக்கிவைத்து, பிறகு கைவிட்டன?

எண்களில் மயங்கியதுதான் முதல் காரணம். யாரும் இணையம் வழியே இலவசமாகச் சேரக்கூடிய, 'மூக்' (MOOC) எனப்படும் இந்த வகுப்புகளின் ஆண்டு என்றே 2012-ஐ நியூயார்க் டைம்ஸ் அழைத்தது. பல்கலைக்கழகங்களுக்கு மூடுவிழா என்கிற தொனியில் கட்டுரைகள் குவிந்தன.

அந்த ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்திய மின்சுற்று மூக் பாடத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர்; சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். தலைப்பில் ஏறியது முதல் எண்தான். (இலவசமாகப் பெயர் கொடுப்பதும் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றா?) அதில் முழு மதிப்பெண் எடுத்த 15 வயது மங்கோலியச் சிறுவனோ செய்தியாளர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

2013-இல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடாசிட்டி என்ற மூக் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய பாடங்களில் ஏராளமானோர் தேறவில்லை, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதுவரை ஆரத்தி எடுத்தவர்கள் ஒப்பாரிக்கு மாறினார்கள். மற்ற மூக் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் அப்போதும் புதுப் பாடங்களைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தன.