எல்க்யேரின் எட்டு கோல்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற மாதம் ஃபார்வர்ட்களைப் பற்றி எழுதியபோது, டென்மார்க்கின் பிரெபென் எல்க்யேர்தான் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமான ஸ்ட்ரைக்கர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பெயர் புதிதாக இருந்ததால் தேடிப் படித்தேன். படித்தபிறகு குழப்பம் கூடிவிட்டது. ஹெல்லாஸ் வெரோனா இத்தாலி லீக்கை வென்ற 1984-85 சீசனில் அவர் அடித்தது எட்டே கோல். அதே அணியில் டிஃபெண்டராகப் பெயர் வாங்கிய பிரீகல்கூட ஒன்பது அடித்திருக்கிறார். 1984 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பெனால்ட்டியைத் தவறவிட்டவரும் இவர்தான். போதாக்குறைக்கு, சிகரெட் பிடிப்பவர் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அவர் விலகியபிறகு 1992இல் டென்மார்க் அதே ஐரோப்பியக் கோப்பையையே வாங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு சீசனில் முப்பது, நாற்பது கோல் அடிப்பவர்களைப் பார்க்கும் எங்களுக்கு இவருடைய பெருமை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வீணடிக்கப்பட்ட திறமை என்றுதான் தோன்றுகிறது. தவறாக இருந்தால் விளக்குங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது என் தவறு. நீங்கள் தேடிப் படித்திருக்கிறீர்கள், எண்களும் சரியாகவே இருக்கின்றன. எட்டு கோல் என்பது எட்டு கோல்தான். அதை நான் பெரிதாக்கிக் காட்டப் போவதில்லை. ஆனால் அந்த எட்டு எந்தக் களத்தில் அடிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்த சீசனில் சீரி ஏ லீக்கில் 16 அணிகள், 30 ஆட்டங்கள். ஒரு அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு கிளப்பும் உலகத்தையே சலித்து இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்தது. யுவென்டஸில் பிளாட்டினி, நாப்போலியில் அந்தக் கோடையில்தான் வந்து இறங்கிய மாரடோனா, உதினேசேயில் ஜிகோ, ரோமாவில் ஃபல்காவ், ஃபியோரென்டினாவில் சாக்ரட்டீஸ், இன்டரில் ருமெனிகே. இத்தனை பேர் ஆடிய லீக்கில் அதிக கோல் அடித்த பிளாட்டினியின் கணக்கே 18தான். பட்டம் வென்ற வெரோனா மொத்தமாக அடித்தது 42 கோல், வாங்கியது 19. இன்றைய முப்பது, நாற்பதை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

கோல் ஏன் அவ்வளவு குறைவு? இத்தாலிய டிஃபென்ஸ் அப்போது ஆளுக்கு ஆள் கட்டும் முறை. ஸ்ட்ரைக்கர் எங்கே போனாலும் நிழல்போல ஒருவன் ஒட்டிக்கொண்டு வருவான். அவனைத் தாண்டினால், யாரையும் கட்டாமல் பின்னால் தனியாக நிற்கும் ‘லிபெரோ’ என்ற டிஃபெண்டர் வந்து துடைத்துவிடுவான். இந்தப் பூட்டைத் திறக்க இரண்டு வழி. பிளாட்டினியைப் போலப் பின்னாலிருந்து எழும்பி வருவது ஒன்று. இன்னொன்று, காவலுக்கு நிற்பவனை அவன் இடத்திலிருந்து கிளப்பி எங்கோ இழுத்துக்கொண்டு போவது. எல்க்யேர் செய்தது அந்த இரண்டாவது வேலை. நடு ஸ்ட்ரைக்கராக நிற்காமல் இடது ஓரத்துக்கு விலகுவார். பந்து காலுக்கு வந்ததும் நேராக ஆளை நோக்கியே ஓடுவார். ஒருவன் போதாது என்று இரண்டாவது ஆளும் அவரிடம் வந்துவிடுவான். அந்த இரண்டாவது ஆள் விட்டுவந்த இடத்தில்தான் அதே அணியின் இன்னொரு ஃபார்வர்ட் கால்டெரிசி நுழைந்து 11 கோல் அடித்தார், பிரீகல் பின்னாலிருந்து வண்டிபோல வந்து 9 அடித்தார். நீங்கள் எல்க்யேருக்கு எதிரான சாட்சியாகக் கூப்பிட்ட பிரீகலை நான் அவருக்கு ஆதரவான சாட்சியாகக் கூப்பிடுவேன்.

நான் கல்லூரி அணியில் மூன்று வருடம் ஸ்டாப்பர் பேக்காக ஆடியவன். பெரிய ஆட்டமெல்லாம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றவனுக்கு ஒன்று தெரியும். நேர்த்தியாக பாஸ் போடுபவனைப் பார்த்துப் பயம் வராது, அவனுக்கு எதிராக எங்கே நிற்கலாம் என்று யோசிக்க நேரம் இருக்கும். பந்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு முழு வேகத்தில் உங்கள்மேலேயே ஏறி வருபவன்தான் பயம். அப்போது கால் தானாகப் பின்வாங்கும், பக்கத்தில் இருப்பவனைக் கத்திக் கூப்பிடத் தோன்றும். எல்க்யேர் ஆட்டத்தின் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எதிரணி டிஃபெண்டரின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

1984 அக்டோபர் 14, வெரோனாவின் பென்டெகோடி மைதானம், எதிரில் யுவென்டஸ். கால்டெரிசி தலையால் முட்டி ஏற்கெனவே ஒரு கோல் ஆகியிருந்தது. எல்க்யேர் இடது பக்கம் பந்தோடு ஓடுகிறார். யுவென்டஸ் டிஃபெண்டர் ஸ்டெஃபானோ பியோலி காலைக் கொடுக்கிறார் (2022இல் மிலன் பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்த அதே பியோலி). எல்க்யேரின் வலது கால் பூட் கழன்று விழுகிறது. எந்த ஆட்டக்காரனும் அங்கே நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்குவான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே உள்ளே வெட்டி, அடுத்து வந்தவரையும் ஏமாற்றி, வெறும் காலுறையோடு இருந்த அந்த வலது காலாலேயே கோல்கீப்பர் தக்கோனியைத் தாண்டி அடித்தார். 2–0. கால் பூட்ஸை விட்டுவிட்டு ஓடியதால் அவரை சின்ட்ரெல்லாவின் ஆண்பாற்பெயரில் ‘செனரென்டோலோ’ என்று இத்தாலியர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். வெரோனா ரசிகர்கள் அவரை ‘சின்டாகோ’ என்றும் அழைத்தார்கள், அதாவது நகர மேயர். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு மேயர் பட்டம்!

அந்த எட்டில் இன்னொரு கோலையும் சொல்லியாக வேண்டும். 1985 மே 12, பெர்காமோ, அட்லாண்டாவுக்கு எதிராக. பட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். அட்லாண்டா முதலில் கோல் அடித்துவிட்டது. இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களில் எல்க்யேர் சமன் செய்தார். 1–1. ஓஸ்வால்டோ பான்யோலி பயிற்சி கொடுத்த அந்தச் சிறு அணி 43 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது, முழு சீசனிலும் இரண்டே தோல்வி. அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, வெரோனா அந்த லீக்கை வென்றதில்லை. எட்டு கோலில் ஒன்று அந்த நாளுக்காக வைத்திருந்தது, அது போதாதா?

அவர் அங்கே வந்துசேர்ந்த பாதையும் முக்கியம். 1957இல் பிறந்த கோபன்ஹேகன் பையன். 1977இல், இருபது வயது ஆகும் சமயத்தில், ஜெர்மனியின் கொலோன் அணி எடுத்துக்கொண்டது. ஹென்னஸ் வைஸ்வைலர் என்ற கறாரான பயிற்சியாளர். 1978இல் கொலோன் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. எல்க்யேர் பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஊர்சுற்றல் பற்றிய கதைகளெல்லாம் அந்தக் காலத்தில் தொடங்கியவை. நீங்கள் சொன்ன சிகரெட்டும் உண்மை. அதைப் போராளி அடையாளமாகச் சிலர் கொண்டாடுவது எனக்குப் பிடிப்பதில்லை. அது அவர் உடம்புக்குச் செய்த கெடுதல், அவ்வளவுதான். ஆனால் ‘வீணடிக்கப்பட்ட’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன். கொலோனில் இடம் கிடைக்காதவர் பெல்ஜியத்தில் லோகரன் என்ற சிற்றூர் கிளப்புக்குப் போனார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஆறு வருடம் அங்கே ஆடினார். 1981இல் லோகரன் லீக்கில் இரண்டாம் இடம் வந்தது. வீணாய்ப்போகிறவன் சிற்றூரில் ஆறு வருடம் பொறுமையாக ஆடுவானா? வெரோனா கூப்பிட்டபோது அவருக்கு வயது 26. இன்றைய கணக்கில் அது தாமதம்.

டென்மார்க் கதை தெரியாவிட்டால் அந்தப் பெனால்ட்டியின் எடையும் தெரியாது. 1971 வரைக்கும் வெளிநாட்டில் காசுக்கு ஆடியவனை அந்த நாடு தேசிய அணியில் சேர்க்கவே இல்லை. உள்நாட்டில் தொழில்முறை ஆட்டம் வந்ததே 1978இல்தான். அடுத்த வருடம் ஜெர்மனியிலிருந்து செப் பியோன்டெக் பயிற்சியாளராக வந்தார். நாட்டுக்கு ஆடுவதை விடுமுறைபோல நினைத்த வீரர்களுக்கு அபராதம் போட்டுப் பழக்கினார். 1983 செப்டம்பரில் வெம்ப்ளியிலேயே இங்கிலாந்தை 1–0 என்று தோற்கடித்தார்கள், அடித்தது அலன் சிமொன்சன். அப்படித்தான் 1984இல் ஐரோப்பியக் கோப்பை ஆடப் பிரான்ஸுக்குப் போனார்கள். முதல் ஆட்டத்திலேயே சிமொன்சனின் கால் உடைந்தது. அப்புறமும் யூகோஸ்லாவியாவை 5–0 என்று அடித்தார்கள். பெல்ஜியத்திடம் 0–2 என்று பின்தங்கி 3–2 என்று வென்றார்கள், மூன்றாவது கோல் எல்க்யேருடையது.

பிறகு லியோனில் ஸ்பெயினோடு அரையிறுதி. ஏழாவது நிமிடத்தில் டென்மார்க் கோல் அடித்தது. பதிவில் லெர்பி பெயர் இருக்கும். எல்க்யேர் தலையால் முட்டிய பந்து திரும்பி வந்ததைத்தான் லெர்பி உள்ளே தள்ளினார். ஸ்பெயினின் மசேடா சமன் செய்தார். 120 நிமிடம் ஓடி முடித்தபின் பெனால்ட்டி. இரு பக்கமும் நான்கு நான்கு உள்ளே போயிற்று. டென்மார்க்கின் ஐந்தாவதை எல்க்யேர் எடுத்தார், பந்து மேல்கம்பத்துக்கு மேலே பறந்தது. அடுத்து ஸ்பெயினின் சராபியா அடித்தார், முடிந்தது. கிழிந்த கால்சட்டையோடு அவர் திரும்பி நடக்கும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஐந்தாவது உதையை எடுக்க முன்வருகிறவன் அந்தப் பழியைத் தானே ஏற்கிறான். கிழிந்த துணி அந்த இரண்டு மணி நேரம் அவர் என்ன பாடுபட்டார் என்பதைக் காட்டுகிறது. அதை அவருக்கு எதிராக எழுத எனக்கு மனம் வராது. முக்கியமாக, நான் மேலே சொன்ன வெறுங்கால் கோல் இதற்கு நான்கு மாதம் கழித்து அடித்தது.

1985 ஜூன் 5, கோபன்ஹேகன். சோவியத் யூனியனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், டென்மார்க் 4–2. எல்க்யேர் இரண்டு, மைக்கேல் லாட்ரப் இரண்டு. லாட்ரப் இருபது வயதுப் பையன், பந்தை வருடுவதுபோல ஆடுபவர். எல்க்யேர் மோதி உடைப்பவர். இப்படி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பேர் இவ்வளவு சரியாகப் பொருந்திய ஜோடியை நான் பார்த்ததில்லை. மறு வருடம் மெக்சிகோவில் ஸ்காட்லாந்தை எல்க்யேரின் ஒரே கோலில் வென்றார்கள். உருகுவேயை 6–1 என்று நொறுக்கியபோது அவர் அடித்தது மூன்று. அந்த ஆட்டத்திலும் லெர்பி அடித்த கோலைப் பாருங்கள், இடது பக்கம் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே கொடுத்தது யார் என்று தெரியும். மேற்கு ஜெர்மனியையும் 2–0 என்று வென்றார்கள். அடுத்து மறுபடி ஸ்பெயின். ஜெஸ்பர் ஓல்சன் பெனால்ட்டியில் முதல் கோலை அடித்தவர், அவரே இடைவேளைக்குச் சற்று முன் பின்னோக்கிப் போட்ட ஒரு பாஸ் ஸ்பெயினின் புத்ராகெனோ காலில் விழுந்தது. புத்ராகெனோ நான்கு அடித்தார், 5–1. அந்த வலியைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. நான்கே ஆட்டம் ஆடிய அணியிலிருந்து எல்க்யேருக்கு அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரர்களில் மூன்றாம் இடம் கொடுத்தார்கள். முதலிடம் மாரடோனா. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து வாக்கெடுப்பிலும் 1984இல் மூன்றாவது, 1985இல் பிளாட்டினிக்கு அடுத்து இரண்டாவது. அந்தக் காலத்துப் பத்திரிகையாளர்கள் அந்த எட்டு கோலைப் பார்த்த விதம் இது.

1992 பற்றி: யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்து வென்ற அந்த அணியை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். 1986இல் ஆடிய சிவெபெக் அதிலும் ஆடினார். அந்த நாட்டு வீரர்கள் பெரிய அணிகளைப் பார்த்துப் பயப்படாமல் ஆடப் பழகியது பியோன்டெக் காலத்தில். எல்க்யேர் 1988இல் வெரோனாவை விட்டு டென்மார்க் திரும்பி வைலே கிளப்பில் சேர்ந்து, 1990இல் முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றார். டென்மார்க்குக்கு 69 ஆட்டம், 38 கோல். நீங்கள் எண் கேட்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். கோல் துண்டுகளை விட்டுவிட்டு அந்த சோவியத் ஆட்டத்தையோ உருகுவே ஆட்டத்தையோ முழுதாகத் தேடிப் பாருங்கள். மெக்சிகோவில் அவர் எண் 10. பந்து வேறு யாரிடமோ இருக்கும்போது பத்து நிமிடம் அவரை மட்டும் கவனியுங்கள். அவரோடு யார் யார் போகிறார்கள், அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அதற்கப்புறமும் வீண் என்று தோன்றினால் எழுதுங்கள், மறுபடி பேசுவோம்.