கன்டெய்னருக்குள் போனதும் நிரல் ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறது? கேள்வி பதில்

கேள்வி: என் கணினியில் ஒழுங்காக ஓடும் நிரல், ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸைக் கொண்ட கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே?

பதில்: இல்லாதது உங்கள் கோப்பு அல்ல, அதை ஏற்றிவைக்க வேண்டிய லோடர். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் கம்பைல் செய்த நிரல், ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நூலகத்தின் லோடரைத் தேடும். ஆல்பைனில் இருப்பதோ அதற்கு மாற்றான மஸ்ல் (musl) நூலகம். லோடர் கிடைக்காமல் இயங்குதளத்தின் மையமான கெர்னல் பிழையைத் திருப்பி அனுப்ப, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதை உங்கள் கோப்பின் பெயரோடு சேர்த்து அச்சிட்டுவிடுகிறது. பிழைச் செய்தியை நம்பி கோப்பின் பாதையைத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். ‘ரீட்எல்ஃப்’ கருவியால் நிரல் எந்த லோடரைக் கேட்கிறது என்று பார்த்து, அந்தப் பாதை கன்டெய்னருக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஆல்பைனுக்குள்ளேயே கம்பைல் செய்யுங்கள், அல்லது டெபியன் இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் மூல வார்ப்பு) மாறுங்கள். ஷெல் ஸ்கிரிப்ட் என்றாலும் இதே கதைதான்: முதல் வரி ‘பாஷ்’ (bash) ஷெல்லைக் கேட்கும், ஆல்பைனில் அது இயல்பாக இருக்காது.

கேள்வி: வணக்கம் ஐயா. நிரல் ஒரு வரிகூட எழுதாமல் நின்றுவிடுகிறது. வெளியேறும் எண் 137. நினைவகத்தைக் கூட்டினால் போதுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 137 என்பது 128 உடன் 9ஐக் கூட்டியது. அதாவது 9ஆம் எண் சமிக்ஞையான ‘சிக்கில்’ (SIGKILL) நிரலைக் கொன்றிருக்கிறது. கொன்றது யார் என்பதை அந்த எண் சொல்லாது. கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரின் இன்ஸ்பெக்ட் வெளியீட்டில் ‘ஓஓஎம்கில்டு’ உண்மை என்று இருந்தால், நினைவக வரம்பைத் தாண்டியிருக்கிறது. பொய் என்றால் நிறுத்தும் கட்டளையைச் சந்தேகியுங்கள். டாக்கர் முதலில், முடித்துக்கொள்ளச் சொல்லும் ‘சிக்டெர்ம்’ (SIGTERM) சமிக்ஞையை அனுப்பும். இயல்பாக 10 விநாடி பொறுத்து ‘சிக்கில்’ அனுப்பும். கன்டெய்னருக்குள் உங்கள் நிரல்தான் 1ஆம் எண் செயல்முறை. அந்த இடத்தில் இருப்பது, தானே கையாளாத ‘சிக்டெர்ம்’ சமிக்ஞைக்கு அசையாது. நிரலில் அதற்கான கையாளியை எழுதுங்கள். முடியாவிட்டால், 1ஆம் இடத்தில் வேறொரு சிறு நிரலை வைக்கும் ‘இனிட்’ (--init) விருப்பத்தோடு கன்டெய்னரைத் தொடங்குங்கள்.

கேள்வி: சர்வர் ஓடுகிறது, போர்ட்டும் திறந்திருக்கிறது. வெளியிலிருந்து இணைக்க முடியவில்லை.

பதில்: சர்வர் 127.0.0.1 முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கும். கன்டெய்னருக்குள் அது கன்டெய்னரை மட்டுமே குறிக்கும். எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

கேள்வி: நான் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்தும், பிழைதேடும் கருவியான ஜிடிபி ஓடும் நிரலோடு இணைய மறுக்கிறது.

பதில்: கன்டெய்னரின் ரூட்டுக்கு எல்லா அதிகாரமும் கிடையாது. மற்ற செயல்முறைகளை ஆராய விடும் ‘சிஸ்_பிட்ரேஸ்’ (SYS_PTRACE) அதிகாரத்தைச் சேர்த்துத் தொடங்குங்கள். தயவுசெய்து எல்லா அதிகாரங்களையும் தரும் ‘பிரிவிலெஜ்டு’ முறைக்குப் போகாதீர்கள். தடைகள் பெரும்பாலும் விலகிவிடும், நீங்கள் தேடும் பிழையும் அவற்றோடு மறைந்துவிடக்கூடும்.