அம்மா சமாளிப்பார் என்று யார் சொன்னது?

ஐயா,

ஏப்ரலில் அம்மாவை இத்தாலிக்கு அழைத்துப் போகிறேன். வயது 68, முட்டி வலி உண்டு, ஆனால் சமாளித்துக்கொள்வார். எட்டு நாளில் ரோம், நேப்பிள்ஸ், ஃப்ளோரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான். சென்னையிலிருந்து ரோமுக்கு நேரடி விமானம் இல்லை. துபாயில் ஒன்றேகால் மணி நேரத்தில் மாறும் டிக்கெட் ஒன்று இருக்கிறது. ஐந்து மணி நேரம் காத்திருப்பது இன்னொன்று, ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதல். எதை எடுக்கலாம்? யூரோவை இங்கேயே மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

யூரோ கொஞ்சம் கையில் இருந்தால் போதும், மிச்சத்துக்கு கார்டு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'சமாளித்துக்கொள்வார்' என்ற சொல். இறந்துபோன அப்பாவின் கருப்பு ஷூவை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று பத்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் இது வந்தது.

அப்பாவை 71 வயதில் ரோமுக்கு அழைத்துப் போனேன். நானும் காசு மிச்சம் பிடிக்க, நடுவில் ஒரு மணி பத்து நிமிடம் மட்டுமே இருந்த டிக்கெட்டைத்தான் போட்டேன். சென்னையிலேயே விமானம் தாமதம். இறங்கும்போது பார்த்தால், கழற்றி வைத்த ஷூவுக்குள் அப்பாவின் கால் நுழையவில்லை. கெண்டைக்கால் அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். நாலு மணி நேரம் தொங்கப்போட்டே இருந்தால் வீங்கத்தான் செய்யும். பக்கத்து சீட்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவர் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு, பளபளவென்ற அந்தத் தரையில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார். "நீ முன்னாடி போ, நான் வந்துடறேன்" என்றார். நானும் போனேன்.

விமானத்தைப் பிடித்துவிட்டோம். ஆனால் ரோமில் முதல் இரண்டு நாளும் அப்பா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துக் கிடந்தார். கொலோசியத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

அதனால் ஐந்து மணி நேர டிக்கெட்டையே எடுங்கள். ஒன்பதாயிரம் போனால் போகட்டும். புக் செய்யும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அம்மா வேண்டாம் என்பார். கேட்காதீர்கள். பிள்ளை செலவு செய்து கூட்டிப்போகிறான் என்பதற்காகவே பெற்றவர்கள் வலியை விழுங்கிக்கொண்டு நடப்பார்கள். அதை நாம் சமாளிப்பது என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். எவ்வளவு வசதியான சொல்! முட்டி வலி உள்ள ஒருவரைக் கருங்கல் பாவிய தெருக்களில் எட்டு நாளில் ஆறு ஊர் இழுத்தடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ரோம் ஒன்றே எட்டு நாளுக்குக் காணும். அங்கே பழைய ரோமின் மையமாக இருந்த ஃபோரம் பகுதியில் டொமிஷியன் என்ற பேரரசன் மிளகுக்கென்றே கிடங்கு கட்டியிருந்தான், முதல் நூற்றாண்டில். நம் மேற்குக் கரையில் முசிறியில் கப்பலேறிய மிளகுதான் அந்த ஊர்வரை போனது. அம்மாவிடம் சொல்லுங்கள், ரசத்துக்கு மிளகு தட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் அப்பாவை மெதுவாக பாந்தியனுக்கு நடத்திப் போனேன். ஏறக்குறைய 1900 வருடம் பழைய கட்டடம், 43 மீட்டர் உயரக் கூரையின் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, மூடியே கிடையாது. வெயில் அதன் வழியாக இறங்கிச் சுவரில் ஒரு பெரிய தட்டு மாதிரி நின்றது. அப்பா உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். "மழை பெஞ்சா?" என்றார். தரையில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சின்னச் சின்னத் துளைகளைக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். அந்த வெயில் தட்டு சுவரில் நகர்ந்து போகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஊர் திரும்பியபின் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது அந்தத் துளைகளைப் பற்றி மட்டும்தான்.

இந்த வாரமே அம்மாவை பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போய், ஒரு சைஸ் பெரிதாக, வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாயங்காலமாகப் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.