ஓடுகிற காளை படத்தில் ஏன் நிற்கிறது?

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் நடந்த ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு நண்பனின் கேமராவை வாங்கிக்கொண்டு போனேன். ஷட்டர் 1/2000 நொடி வைத்து எடுத்தேன். கழுத்துச் சலங்கையைக்கூட எண்ணலாம், அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் வண்டி ஓடுகிற மாதிரியே இல்லை. பூட்டி நிறுத்தி வைத்து எடுத்தது போல இருக்கிறது. போட்டோஷாப்பில் மோஷன் பிளர் போட்டால் மாட்டைச் சுற்றி ஆவி அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. கிளப்புக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும். இந்தப் படத்தைத் தேற்ற முடியுமா? அடுத்த முறை எப்படி எடுப்பது?

பதில்: தேற்றலாம், தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காளையின் கண், சாரதியின் கை, இழுபட்ட கயிறு எல்லாம் அருமை. குற்றவாளி சக்கரம்தான். ஆரக்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி தெரிகிறது. ஓடுகிற சக்கரத்தின் ஆரக்காலை எந்தக் கண்ணும் எண்ணிப் பார்த்ததில்லை. அதனால்தான் மூளை "இது நிற்கிற வண்டி" என்று முடிவு கட்டிவிடுகிறது.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நொடிக்கு 10 மீட்டர். 1/2000 நொடியில் அது நகர்ந்த தூரம் அரை சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டரில் என்ன ஓட்டம் தெரியும்? அதுவே 1/60 என்றால் 16 சென்டிமீட்டருக்கு மேல், 1/30 என்றால் 33 சென்டிமீட்டர். நீங்கள் 1/60 வைத்து, கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பியபடி எடுத்திருந்தால் மாடு ஓரளவு தெளிவாக நின்று, பின்னால் இருக்கிற பனைமரமும் கூட்டமும் கோடு கோடாக இழுபட்டிருக்கும். இதைத்தான் பேனிங் என்கிறோம். அந்த 16 சென்டிமீட்டரை இப்போது கம்ப்யூட்டரில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். வேலை அவ்வளவுதான்.

ஆனால் மவுஸைத் தொடும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும்: இந்தப் படத்தில் கேமரா யாரோடு சேர்ந்து நகர்கிறது? பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதில்லை. ஃபில்டரைத் திறந்து, கண்ணுக்குப் பிடித்த இடத்தில் ஸ்லைடரை நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயிலில் போயிருப்பீர்கள். கொல்லங்கோடு தாண்டி ஜன்னலில் பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய புல் பச்சைக் கோடாக ஓடும், முதலமடை மாந்தோப்பு நிதானமாக நகரும், நெல்லியாம்பதி மலை அசையவே அசையாது. அங்கே கேமராவே இடம் விட்டு இடம் போகிறது. அதனால் பக்கத்தில் இருப்பது அதிகம் இழுபடும், தூரத்தில் இருப்பது குறைவாக இழுபடும். பேனிங் அப்படியல்ல. நீங்கள் ஒரே இடத்தில் நின்று இடுப்பைத்தான் திருப்புகிறீர்கள். அப்போது அசையாமல் நிற்கிற எல்லாமே, பக்கத்து மூங்கில் தடுப்பும் தூரத்து மலையும், ஏறக்குறைய ஒரே அளவு இழுபடும். ஆகவே ரேக்ளா படத்தில் பின்னணிக்கு ஒரே அளவு பிளர் போதும். மலை தூரத்தில் இருக்கிறதே என்று அதை மட்டும் தெளிவாக விட்டால், ரயிலுக்குள் உட்கார்ந்து ரேக்ளா எடுத்த கதையாகிவிடும்.

இதிலேயே இன்னொன்றும் வருகிறது. மாட்டின் காலடியில் இருக்கிற மண்ணும் அசையாத பொருள்தான். அதுவும் பின்னணி இழுபட்ட அளவுக்கே இழுபட வேண்டும். மரத்தை மட்டும் இழுத்துவிட்டு, மண்ணில் ஒவ்வொரு கூழாங்கல்லையும் பளிச்சென்று விட்டு வைத்த படங்களை நிறைய பார்க்கிறேன். வண்டி தரையில் ஓடாமல் மிதக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். உங்களுக்கு ஆவி அடித்ததற்குக் காரணம் இதுதான்: மாடு இருக்கிற படத்தையே பிளர் செய்து, அதன் மேல் தெளிவான மாட்டை வைத்திருக்கிறீர்கள். கீழே இருக்கிற மாட்டின் வெள்ளை நிறம் இரண்டு பக்கமும் வழிந்து, மேல் மாட்டின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. காங்கேயம் காளை வெள்ளையும் சாம்பலுமாக இருப்பதால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அதனால் முதலில் மாட்டையும் வண்டியையும் சாரதியையும் செலக்ட் செய்து தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, எடுத்து வையுங்கள். பிறகு கீழ் லேயருக்குப் போய், அதே செலக்ஷனைப் பத்துப் பதினைந்து பிக்ஸல் விரித்து, சுற்றியிருப்பதை வைத்து இடத்தை நிரப்புகிற கன்டென்ட் அவேர் ஃபில் போட்டு மாட்டையே காணாமல் செய்யுங்கள். அது அழகாக வர வேண்டியதில்லை. எப்படியும் இழுபடப் போகிறது. மரமும் மண்ணும் தோராயமாக நிரம்பினால் போதும். இந்த வெறும் மைதானத்துக்குத்தான் மோஷன் பிளர். மாடு இல்லாத இடத்திலிருந்து ஆவி எப்படி வரும்?

மாட்டை அழித்த பிறகு, பிளர் போடும் முன் பின்னணி லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொண்டால், பிளர் அளவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிளை வண்டி போகிற திசைக்குச் சரியாக வையுங்கள். உங்கள் படத்தில் ஓடுபாதை வலது பக்கம் லேசாக ஏறுகிறது, இரண்டு மூன்று டிகிரி இருக்கும். பூஜ்யத்திலேயே விட்டால் வண்டி ஒரு திசை, காற்று ஒரு திசை என்று ஆகிவிடும். பணம் கட்டி போட்டோஷாப் வேண்டாம் என்றால், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பில் லீனியர் மோஷன் பிளர் இதே வேலையைச் செய்யும். மாட்டை அழிக்க அங்கே குளோன் டூல்தான், கொஞ்சம் கை வலிக்கும்.

எவ்வளவு தூரம் இழுப்பது? கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம், கணக்கு இருக்கிறது. உங்கள் படத்தின் அகலம் 4000 பிக்ஸல் என்றும், அதில் ஏறக்குறைய 8 மீட்டர் பாதை தெரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு 5 பிக்ஸல். 1/60 நொடிக்கு 16 சென்டிமீட்டர் என்றோமே, அது 80 பிக்ஸல். 1/30 என்றால் 165. நான் 80இல் தொடங்குவேன். ஃபிளெக்ஸைத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்பதால் 120 வரை போகலாம். அதற்கு மேல் போனால் இது எந்த ஊர், எந்த மைதானம் என்பதே தெரியாமல், பின்னால் பெயின்ட் கொட்டியது போல ஆகிவிடும். கூட்டம் கூட்டமாகத் தெரிய வேண்டும், மரம் மரமாகத் தெரிய வேண்டும். இழுபட்டிருந்தாலும் அடையாளம் தெரிகிற அளவுதான் என் கணக்கில் நல்ல பிளர்.

இப்போது சக்கரம். இதை விட்டுவிட்டால் மேலே செய்தது எல்லாம் வீண். மோஷன் பிளர் நேர்க்கோட்டில் இழுக்கும், சக்கரமோ சுற்றுகிறது. போட்டோஷாப்பில் பிளர் கேலரிக்குள் ஸ்பின் பிளர் இருக்கிறது, 2014 முதல் வரும் பதிப்புகளில் கிடைக்கும். கிம்ப்பில் சர்குலர் மோஷன் பிளர். மையத்தை அச்சாணி மேல் வைத்து, வட்டத்தைச் சக்கரத்தின் விளிம்பு வரை விரியுங்கள். வண்டி கொஞ்சம் திரும்பி நிற்பதால் சக்கரம் முட்டை வடிவமாகத் தெரிகிறது. ஸ்பின் பிளரின் வட்டத்தையும் அதே மாதிரி நசுக்கிவிடுங்கள்.

எத்தனை டிகிரி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சக்கரம் வழுக்காமல் உருளும்போது, தரை எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவே விளிம்பும் சுற்றுகிறது. பின்னணியை 80 பிக்ஸல் இழுத்திருந்தால் விளிம்பும் 80 பிக்ஸல் சுற்ற வேண்டும். சக்கரத்தின் ஆரம் 200 பிக்ஸல் என்றால் 80ஐ 200ஆல் வகுத்து 57ஆல் பெருக்குங்கள், 23 டிகிரி வரும். அச்சுக்குப் பக்கத்தில் ஆரக்கால் லேசாகத் தெரியும், விளிம்பில் கரைந்துவிடும். உண்மையில் அப்படித்தான் இருக்கும். சக்கரத்தைக் காற்றாடி மாதிரி 90 டிகிரி சுற்றிவிட்டுப் பின்னணியை 40 பிக்ஸல் மட்டும் இழுத்தால், சேற்றில் மாட்டிக்கொண்டு சுற்றுகிற லாரிச் சக்கரம் போல இருக்கும்.

மாட்டின் கால் இன்னும் நுட்பமான இடம். உடம்பு கேமராவோடு போகிறது. ஆனால் மண்ணில் ஊன்றிய குளம்பு? அந்த நேரத்தில் அது மண்ணோடு மண், அசையாது. எனவே அது பின்னணியோடு சேர்ந்து இழுபட வேண்டும். முன்னால் வீசுகிற கால் எதிர்ப் பக்கம் இழுபடும். தெளிவான மாட்டின் லேயருக்கு ஒரு நகல் எடுத்து, பின்னணிக்குப் போட்டதில் பாதி அளவு மோஷன் பிளர் போடுங்கள். அதற்குக் கறுப்பு மாஸ்க் (நகலை மறைக்கிற திரை) கொடுத்து, மெத்தென்ற வெள்ளை பிரஷ்ஷால் முழங்காலுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். வால் நுனி, சாட்டை நுனிக்கும் ஒரு தடவல். கண், கொம்பு, திமில், சாரதியின் முகம், இந்த நான்கிலும் பிரஷ் படவே கூடாது. படத்தைப் பிடித்து நிறுத்துவது அவைதான்.

கடைசியாகப் பலர் மறக்கிற ஒன்று. பிளர் போட்ட இடத்தில் கேமராவின் மணல்மணலான நாய்ஸ் அழிந்து, பின்னணி வழவழவென்று ஆகிவிடும். மாட்டின் மேல் மட்டும் மணல் இருக்கும். வெட்டி ஒட்டியது என்று அந்த இடம்தான் காட்டிக் கொடுக்கும். பின்னணிக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்துச் சமப்படுத்துங்கள்.

அடுத்த முறைக்கு வருவோம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும்) 16 வைத்தால் ஷட்டர் 1/100க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எஃப் 22க்குப் போனால் 1/50. பேனிங்குக்கு அது போதும். லென்ஸ் முன்னால் நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடுகிற என்டி 4 ஃபில்டர் இருந்தால், எஃப் 11, 1/50 என்று இன்னும் வசதியாக வைக்கலாம். பொழுது சாயும் நேரம் கிடைத்தால் ஃபில்டரே வேண்டாம்.

போனில் எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது, எஃப் 1.8 போல திறந்தே இருக்கும். அதே வெயிலில் ஐஎஸ்ஓ 50 வைத்தாலும் ஷட்டர் 1/4000 பக்கம் போய்விடும். 1/30க்கு இறக்க வேண்டுமானால் வெளிச்சத்தை நூற்று முப்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதற்கென்று நான் ஒருமுறை வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி கடன் வாங்கி, போன் முன்னால் டேப் போட்டு ஒட்டினேன். பேனிங் நன்றாகவே வந்தது. எல்லா மாடும் பச்சை மாடு. அதனால் ஃபில்டராகவே வாங்கிவிடுங்கள். ஐபோன் என்றால் லைவ் போட்டோவாக எடுத்து லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம். ஆனால் அது மூன்று நொடிக் காட்சியை ஒன்றாகக் கலப்பது. கல்பாத்தித் தேரோட்டத்தில் தேர் நின்றிருக்கும்போது ஓரமாக நின்று எடுத்துப் பாருங்கள், தேர் மலை போல அசையாமல் நிற்க, கூட்டம் அதைச் சுற்றி ஆறாக ஓடும். கையை ஒரு தூணோடு அண்டக் கொடுத்துக்கொள்ள வேண்டும். ரேக்ளாவுக்கு அது உதவாது, மூன்று நொடியில் மாடு ஃபிரேமை விட்டே போய்விடும்.

பேனிங்கில் கை பழக வேண்டியது ஒன்றுதான்: கால் இரண்டையும் வண்டி உங்களுக்கு நேரே வரப்போகிற இடத்தைப் பார்த்து ஊன்றிவிட்டு, இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கிக்கொள்ளுங்கள். வண்டி நெருங்க நெருங்க முறுக்கு அவிழ வேண்டும். கிளிக் செய்தவுடன் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டே போங்கள். பலருக்குப் படம் கெடுவது கிளிக்கில் கை நிற்பதால்தான். மாடு ஓடும்போது மேலும் கீழும் துள்ளும், ஆகவே முழு மாடும் தெளிவாக வராது. முகம் வந்தால் கொண்டாடுங்கள். எனக்கு இன்றும் இருபதுக்கு ஒன்றோ இரண்டோதான் தேறுகிறது. பந்தயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், பொள்ளாச்சி ரோட்டில் சாயங்காலம் போகிற பைக்குகளை வைத்துப் பழகுங்கள்.

ஃபிளெக்ஸுக்கும் காலண்டருக்கும் இப்படிப் பின்னால் பிளர் சேர்ப்பதில் தப்பே இல்லை. இதே படத்தைப் பத்திரிகைக்கோ செய்திப் படப் போட்டிக்கோ அனுப்புவதாக இருந்தால் மட்டும் பிளர் போடாத மூலப் படத்தை அனுப்புங்கள். அங்கே இது திருத்தம் இல்லை, மோசடி. ஃபிளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிவிடாதீர்கள், நசுங்கிப் போகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் நேரில் கொண்டு போய்க் கொடுங்கள்.