உலோகமே இல்லாமல், நொதியத்தைப் பார்த்துச் செய்த சேதன ஊக்கியால் மூலிகத் தாக்கத்தை நடத்த முடியுமா?

முடியும். (மூலிகம் என்றால் சோடியில்லாத தனி இலத்திரன் உள்ள அணு அல்லது மூலக்கூறு. ஊக்கி தாக்கத்தை வேகப்படுத்துவது, சேதன ஊக்கி காபன் சேர்வையால் ஆனது, நொதியம் உயிர்களுக்குள் இருக்கும் ஊக்கி.) ஆனால் நான் நெல் ஆலையிலிருந்துதான் தொடங்குவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன், பழக்கம் அப்படி.

சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளில் அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு சேர்ந்து தயமினும், அதாவது விற்றமின் பி1உம், போய்விடும். நெல்லை அவித்துக் குற்றினால் அதில் ஒரு பங்கு அரிசிக்குள் ஊறி நின்றுவிடும். அம்மம்மாவுக்கு இரசாயனம் தெரியாது. ஆனாலும் தீட்டின பச்சையரிசிச் சோற்றைக் கண்டால் “இதில என்ன இருக்கு?” என்பா.

தயமினில் கந்தகமும் நைதரசனும் உள்ள ஐந்தணு வளையம் ஒன்று உண்டு. அவை இரண்டுக்கும் நடுவிலுள்ள காபனின் ஐதரசன் புரோத்தனாகக் கழன்றால், மிஞ்சும் இலத்திரன் சோடியோடு அந்தக் காபன் போய் ஓர் அல்டிகைட்டைப் (–CHO கூட்டம் உள்ள சேதனச் சேர்வையை) பிடிக்கும். இதை 1958இல் விளக்கியவர் ரொனால்ட் பிரெஸ்லோ. பிடிபட்டதும் அல்டிகைட்டின் குணமே மாறிவிடும்: இலத்திரனுக்கு ஏங்கிய காபன் இலத்திரன் கொடுக்கும் காபனாகிறது. இந்த நிலைக்குப் பெயர் பிரெஸ்லோ இடைநிலை. பல்கலைக்கழகத்தில் தயமினையும் பென்சல்டிகைட்டையும் வைத்து பென்சோயின் செய்யச் சொன்னார்கள். பென்சல்டிகைட்டுப் போத்தல் பழசு, உள்ளே பாதி பென்சோயிக் அமிலமாகியிருக்க வேண்டும். இரண்டு நாள் காத்திருந்தும் ஒரு பளிங்குகூட விழவில்லை. புதுப் போத்தல் வந்த பிறகுதான் வெள்ளையாக இறங்கியது.

சரி, மூலிகத்துக்கு வருவோம். பாடத்தில் நாம் பார்ப்பது மெதேனும் குளோரீனும். ஒளி பட்டால் போதும், ஒரு குளோரீன் ஏறியதிலிருந்து நான்கு ஏறியது வரை எல்லாம் கலந்து வரும். அதனால்தான் மூலிகம் என்றாலே அடங்காதது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் சில பற்றீரியாக்கள் இதே தயமினைக் கொண்டு பைருவேற்றை (சீனி உடையும்போது வரும் சேர்வையை) உடைக்கின்றன. அங்கே பிரெஸ்லோ இடைநிலை தன் இலத்திரன்களைச் சோடியாகக் கொடுப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைக் கொடுக்காமல் நிற்கும் நேரத்தில் அது ஒரு மூலிகம். இலத்திரனை வாங்குவது இரும்பு-கந்தகத் திரள், ஆகவே நொதியத்தில் உலோகம் உண்டு. ஆனால் பைருவேற்றைப் பிடிக்கும் வேலை முழுக்கச் சேதன மூலக்கூறுடையது.

அந்தப் பாகத்தை மட்டும் எடுத்து 2019இல் ஜப்பானின் கனசாவாவில் ஹிரோஹிசா ஓமியாவின் குழு ஒரு தாக்கம் செய்தது. தயமினில் உள்ள அதே வளையம் கொண்ட தயசோலியம் ஊக்கி அல்டிகைட்டைப் பிடிக்கிறது. இலத்திரனை வாங்க இரும்புக்குப் பதிலாகக் காபொட்சிலிக் அமிலத்திலிருந்து செய்த ஓர் எசுத்தர். இலத்திரன் வந்ததும் அது காபனீரொட்சைட்டை விட்டு உடைந்து அற்கைல் மூலிகத்தை (காபன்-ஐதரசன் கூட்டத்தில் தனி இலத்திரன் உள்ளதை) தருகிறது. அந்த மூலிகம் ஊக்கியோடு ஒட்டியிருக்கும் மற்ற மூலிகத்துடன் சேர, ஊக்கி விலகி கீற்றோன் கிடைக்கிறது. உலோக ஊக்கியும் இல்லை, ஒளியும் இல்லை.

இரண்டு மூலிகங்களும் கண்டபடி மோதாமல் ஒன்றையொன்று எப்படித் தேடிப் பிடிக்கின்றன? இங்கேதான் எனக்கு ஆசை. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தொலைந்த பிள்ளைகளை நினையுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும், பெரியவர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். நிற்கும் பெரியவர் இன்னொரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகமாட்டார், அதனால் அவர்கள் தொகை குறையாது. ஓடும் பிள்ளை கடைசியில் அவர்களில் ஒருவர் கையில்தான் அகப்படும். ஊக்கி ஒட்டிய மூலிகம் அந்தப் பெரியவர்: பருமனானது, தனி இலத்திரன் பல அணுக்களில் பரந்து கிடப்பதால் அவசரமில்லாதது, தன்னைப் போன்ற இன்னொன்றோடு சேராதது. அற்கைல் மூலிகம்தான் ஓடும் பிள்ளை. மெதேன் தாக்கத்தில் இப்படி நிற்க ஆளில்லை.

இதே பாதையில் இன்னொரு கிளை, டேவிட் மக்மிலன் 2007இல் காட்டிய ஒற்றை இலத்திரன் சேதன ஊக்கல். 2021 இரசாயன நோபல் பரிசை பென்ஜமின் லிஸ்ற்றுடன் பகிர்ந்தவர் இவர்தான்.

எல்லா மூலிகத் தாக்கத்துக்கும் இது சரிவராது. நின்றுபிடிக்கும் மூலிகம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஊக்கியும் அதிகம் தேவை, நூறு மூலக்கூறுக்கு ஐந்து, பத்து என்று போடுவது வழக்கம். நொதியத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. அப்புறம், உயர்தரப் பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் இதை விட்டுவிட்டு மெதேனையே படியுங்கள்.